பாஸ் மீனுக்கான தூண்டில் செட்: பார்த்து வாங்குவதும் பழுதாகாமல் வைத்திருப்பதும்

பாஸ் பிடிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் ராடிலும் (தூண்டில் கோல்) ரீலிலும் (நரம்பைச் சுற்றும் கருவி) போட்டுவிட்டு, தூண்டில் நரம்பையும் முள்ளையும் மிச்சச் சில்லறைக்கு வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மீன் தப்பிப்பது பெரும்பாலும் நரம்பிலும் முடிச்சிலும் முள்ளிலும்தான்.

ராடு, ஆறரையிலிருந்து ஏழு அடிக்குள், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இந்த ஒன்றை வைத்தே நிறைய வேலை பார்க்கலாம். வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர், எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் ராடு நுனியில்தான் வளையும் என்பதால், ரப்பர் புழுவில் செருகிய ஒற்றை முள்ளை மீனின் வாயில் அழுத்தமாக ஏற்றலாம். மும்முள் தொங்கும், மீன் வடிவக் கெட்டி இரையான கிராங்க்பெய்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் இளகி வளையும் மாடரேட் ராடு நல்லது, இல்லையென்றால் வெடுக்கென்று இழுத்ததும் முள் பிய்ந்து வந்துவிடும். ரீல், 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். எறியும்போது சுழலும் நரம்பு உருளையைக் கட்டைவிரலால் அடக்கவேண்டிய பெய்ட்காஸ்டர் ரீலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கட்டைவிரல் பழகுவதற்கு முன் அதைத் தொட்டால் பாதி நேரம் சிக்கெடுப்பதிலேயே போகும்.

சரி, நரம்பு. மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான், மெதுவாகத்தான் மூழ்கும், நன்றாக நீளும், அதனால் தண்ணீர் மேல் ஓடும் இரைக்குப் பொருத்தம். தொடக்கத்துக்கு 10 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ வாங்குங்கள். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணீருக்குள் எளிதில் தெரியாது. பல இழை பின்னிய பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது, அடர்ந்த பாசிக்குள் அதற்கு நிகர் இல்லை, ஆனால் ரீலின் வழுவழுப்பான உருளையான ஸ்பூலில் அப்படியே சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுழலும், அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன் மேல் போடுங்கள்.

முடிச்சுக்குப் பாலோமார் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். இறுக்கும் முன் எச்சிலால் நனைத்தே ஆகவேண்டும், காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கல்லிலோ கட்டையிலோ மாட்டி எடுத்த பிறகும், கடைசி இரண்டு அடி நரம்பை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் யோசிக்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, படகுக்குப் பக்கம் வரை வந்த பெரிய பாஸை நான் இழந்திருக்கிறேன். முள் கூராக இருக்கிறதா என்று பார்க்க, கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து நகர்த்துங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது, அரம் போடுங்கள் அல்லது மாற்றுங்கள்.

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம், நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், 10 பவுண்டு நரம்பு என்றால் 3 பவுண்டு இழுவைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதைத் தளர்த்திவிடுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிப்போகும்.

ரீலை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வேகமான குழாய்த் தண்ணீரில் பிடித்தால் மணல் உள்ளே போய்விடும். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், கியருக்குக் கிரீஸ், இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். ராடின் வளையங்களுக்குள் பஞ்சைச் சுழற்றிப் பாருங்கள், இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, உங்கள் நரம்பை அறுப்பது அதுதான்.

இரைகளை ஈரத்தோடு பெட்டியில் மூடினால் முள் துருப்பிடிக்கும். ரப்பர் புழுக்களைக் கெட்டிப் பிளாஸ்டிக் இரைகளோடு சேர்த்துப் போடவே போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். புழுக்கள் வாங்கிவந்த பையிலேயே இருக்கட்டும், நிறங்களைக் கலந்தால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிவிடும்.