குளியலறை நிலைக்காலில் கரையான்

குளியலறைக் கதவு நிலையை ஒட்டி, பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு சுவரில் ஏறியிருந்தது. தட்டினால் மரம் பொக்கென்றது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, வண்டு துளைத்து உளுத்திருக்கிறது என்றார். அப்படியென்றால் சின்னத் துளைகளும் கீழே மாவு மாதிரி தூளும் இருக்கும், மண்குழாய் இருக்காது. இது கரையான். குழாயைக் கொஞ்சம் உடைத்துவிட்டேன். மறுநாள் ஈரமண்ணால் அடைத்திருந்தது, ஆக உள்ளே நடமாட்டம் உண்டு.

மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லாத ஆள் இல்லை. கண்ணில் படுகிற நாலு பூச்சி சாகும். ராணி மண்ணுக்குள் இருக்கும்போது அதனால் என்ன பயன்?

பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்தேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டார். இமிடாகுளோப்ரிட் 30.5% மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து, மண் குடிக்கிறவரை செலுத்தி, சிமெண்டால் அடைத்தார். இந்த மருந்தைக் கரையான் உணராது. அதன்மேல் நடந்து போய் மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். அதனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். கையுறை கட்டாயம். கிணறோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரையானை அழைத்து வந்ததே சுவருக்குள் கசிந்த குழாய்தான். அதை மாற்றாமல் மருந்துக்குச் செலவழிப்பது வீண். அரித்த அடிப்பாகத்தை ஆசாரி வெட்டிவிட்டு கிரானைட் துண்டு பதித்தார். உடைத்த மண்குழாய்கள் அப்படியே காய்ந்து கிடக்கின்றன.

மழைக்கு ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான், விளக்கைத் தேடி வெளியிலிருந்து வருவது எல்லா வீட்டிலும் நடப்பது. சுவர் விரிசலிலிருந்து கிளம்பினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.