எல்சி மாட்டினால் ஸ்டோரேஜ் வந்துவிடுமா? ஃபைபர் இணைப்பு, முதல்முறை தொடுபவர்களுக்கு

சர்வரின் பின்பக்கம் இரண்டு சின்ன ஓட்டைகள். ஸ்டோரேஜ் பெட்டியின் பின்பக்கமும் அதே மாதிரி இரண்டு. நடுவில் ஒரு ஃபைபர் பேட்ச் கேபிளை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்போம். கேபிள் டக்கென்று மாட்டிக்கொள்ளும். லிங்க் விளக்குதான் எரியாது.

முனை பொருந்துவது ஒரு விஷயம். உள்ளே இருக்கும் கண்ணாடி, ஒளியை அனுப்பும் மாட்யூல், அதன் மேல் ஓடும் நெறிமுறை (கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி) ஆகியவை வேறு மூன்று விஷயங்கள். நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

தஞ்சாவூரில் ஓலைச்சுவடிகளை ஸ்கேன் செய்யும் ஓர் அறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சர்வர், இரண்டு ஸ்விட்ச், ஒரு ஸ்டோரேஜ். 600 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடத்தில் நகல் எடுத்து வைக்க ஒரு பெட்டி.

படி 1: முனையைப் பாருங்கள்

சர்வர் அறையில் பெரும்பாலும் கண்ணில் படுவது எல்சி. பழைய தொலைபேசி ஒயர் மாதிரி சின்னக் கொக்கியை அழுத்திக் கழற்றலாம். நடுவில் இருக்கும் வெள்ளைக் குச்சிக்கு ஃபெரூல் என்று பெயர். எல்சியில் அதன் விட்டம் 1.25 மில்லிமீட்டர். எஸ்சி சதுரமானது, ஃபெரூல் 2.5 மில்லிமீட்டர், நேராகத் தள்ளி நேராக இழுக்க வேண்டும். சுழற்றிப் பூட்டும் எஸ்டியும், திருகி மாட்டும் எஃப்சியும் பழைய ரேக்குகளில் கிடைக்கும். ஒரே முனையில் 12 இழைகள் வந்தால் அது எம்பிஓ. 40, 100 ஜிகாபிட் வேகம் வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டோரேஜ்காரர்கள் எஃப்சி என்று சொன்னால் அந்தத் திருகு முனையைச் சொல்லவில்லை, ஃபைபர் சேனல் என்ற நெறிமுறையைச் சொல்கிறார்கள். முனையை நினைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள்.

படி 2: நிறத்தைப் பாருங்கள்

மஞ்சள் உறை என்றால் சிங்கிள் மோடு, ஒளி ஒரே பாதையில் போகும் வகை. ஒளி செல்லும் உள்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான். நீலப்பச்சை உறை என்றால் மல்டிமோடு, ஒளி பல பாதைகளில் போகும் வகை. அதில் ஓஎம்3 அல்லது ஓஎம்4 தரம், உள்பகுதி 50 மைக்ரான். ஆரஞ்சு உறை பழைய மல்டிமோடு. நிறம் வழக்கம்தானே தவிர சத்தியமில்லை. உறை மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிடுங்கள்.

முனையின் நிறம் தனிக்கதை. வீட்டு இன்டர்நெட் பெட்டிக்குப் பல இடங்களில் வரும் பச்சை எஸ்சி முனையின் முகம் 8 டிகிரி சாய்வாக இருக்கும், ஏபிசி என்பார்கள். நீல முனையின் முகத்தில் அந்தச் சாய்வு கிடையாது, அது யூபிசி. பச்சையையும் நீலத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முகமும் கீறலாம். ஸ்டோரேஜ் மாட்யூல்களுக்குப் பச்சை முனை வேண்டாம்.

படி 3: மாட்யூலைப் படியுங்கள்

கார்டு, ஸ்விட்ச் ஓட்டைகளில் செருகும் சின்ன மாட்யூலுக்கு எஸ்எஃப்பி பிளஸ் என்று பெயர். அதன் மேல் எஸ்ஆர் என்று இருந்தால் 850 நானோமீட்டர், மல்டிமோடு. எல்ஆர் என்றால் 1310 நானோமீட்டர், சிங்கிள் மோடு. 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் எஸ்ஆர், ஓஎம்3 கேபிளில் 300 மீட்டரும் ஓஎம்4 கேபிளில் 400 மீட்டரும் போகும். எல்ஆர் 10 கிலோமீட்டர். அப்படியானால் ரேக்குக்குள் எஸ்ஆர், 600 மீட்டர் கட்டடத்துக்கு எல்ஆர். இரண்டு முனையிலும் ஒரே வகை இருக்க வேண்டும். தூரம் போகட்டுமே என்று 40 கிலோமீட்டர் மாட்யூலை வாங்கிக் குட்டைக் கேபிளில் மாட்டினால், அதிக ஒளி பட்டு எதிர்முனை கெட்டுப்போகலாம்.

படி 4: நெறிமுறை

ஆரம்பத்தில் அதிகம் குழம்புவது இங்கேதான். 8 ஜிகாபிட் ஃபைபர் சேனல் மாட்யூலும் 10 ஜிகாபிட் ஈதர்நெட் மாட்யூலும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் எல்சி. ஆனால் சர்வருக்குள் செருகிய ஃபைபர் சேனல் கார்டை ஈதர்நெட் ஸ்விட்சோடு இணைத்தால் ஒன்றும் நடக்காது. சர்வரில் இருப்பது எந்தக் கார்டு என்று முதலில் கண்டுபிடியுங்கள். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை அடித்தால் ஃபைபர் சேனலா, ஈதர்நெட்டா என்று தெரிந்துவிடும்.

ஃபைபர் சேனல் என்றால் அதற்கென்று தனி ஸ்விட்ச் வேண்டும், அல்லது ஸ்டோரேஜோடு நேரடி இணைப்பு. வேகத்தையும் பாருங்கள்: 32 ஜிகாபிட் மாட்யூல் பொதுவாக 16க்கும் 8க்கும் இறங்கி வரும். 4 ஜிகாபிட் பழைய கார்டோடு அது பேசாது.

ஈதர்நெட் என்றால் ஐஸ்கசி (iSCSI), சாதாரண நெட்வொர்க் வழியாகவே டிஸ்க்கைக் காட்டும் நெறிமுறை. சாதாரண ஸ்விட்சும் ஐபி முகவரியும் போதும், டிசிபி போர்ட் 3260. ஸ்டோரேஜுக்குத் தனி விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) ஒதுக்குங்கள். எம்டியூவை, அதாவது ஒரு தடவையில் போகும் பொட்டலத்தின் உச்ச அளவை, 9000 பைட் வைப்பதானால் சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வையுங்கள். ஒன்றில் விட்டாலும் சின்ன ஃபைல் போகும், பெரிய ஃபைல் திணறும். சின்ன அலுவலகத்துக்கு ஐஸ்கசி போதும் என்பது என் கட்சி. ஃபைபர் சேனல் ஸ்விட்ச் விலைக்கு இரண்டாவது ஸ்டோரேஜ் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

படி 5: துடைத்து மாட்டுங்கள்

தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்து வைக்கோல் தூசி, அரிசி ஆலைப் பக்கம் என்றால் உமித் தூசி. 9 மைக்ரான் வழியை அடைக்க ஒரு துகள் போதும். புதுக் கேபிளாக இருந்தாலும் கிளீனர் பேனாவால் ஒரு தடவை துடைத்துவிட்டு மாட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் படியும். ஆளில்லாத ஓட்டையில் மூடி இருக்கட்டும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

விளக்கு எரியவில்லையா? ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றுங்கள். இந்தப் பக்கத்து அனுப்பும் வாய், அந்தப் பக்கத்து வாங்கும் வாய்க்குப் போக வேண்டும். அப்புறம் ஸ்விட்சில் ஒளி அளவைப் பாருங்கள். மைனஸ் 40 டிபிஎம் என்றால் ஒளியே வரவில்லை.

வெளியே போகும் கேபிள்

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுத்தால் போர்ட்டுகள் கருகும். உலோகமே இல்லாத ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வயலோரம் எலி கடிக்கும். எலிக்காக இரும்புக் கவசம் போட்ட கேபிள் வாங்கினால் மின்னலுக்கு மறுபடி ஒரு உலோக வழி கிடைத்துவிடும். அந்தக் கவசத்தை எர்த் செய்தே ஆக வேண்டும். குழாய்க்குள் விட முடிந்தால் கவசம் இல்லாததே மேல். குழாய்க்குள் மழைத்தண்ணீர் நிற்கும் என்பதால் வெளிப்புறத்துக்கென்று செய்த கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: டிஸ்க்கைக் காட்டுங்கள்

ஃபைபர் சேனலில் சர்வர் கார்டின் டபிள்யூடபிள்யூபிஎன் என்ற 16 எழுத்து அடையாளத்தை எடுத்து, ஸ்விட்சில் ஸ்டோரேஜ் போர்ட்டோடு ஒரே ஸோனில் (யார் யாரைப் பார்க்கலாம் என்று வகுக்கும் குழு) போடுங்கள். ஒரு ஸோனுக்கு ஒரே சர்வர் போர்ட். பிறகு ஸ்டோரேஜில் அந்த அடையாளத்துக்கு லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் பகுதி) ஒதுக்குங்கள். ஐஸ்கசியில் லன் ஒதுக்கும் வேலையை ஐக்யூஎன் என்ற சர்வரின் அடையாளப் பெயரை வைத்துச் செய்யலாம்.

சர்வரிலிருந்து ஆளுக்கொரு ஸ்விட்ச் வழியாக இரண்டு கேபிள்கள் போனால் ஒரே டிஸ்க் இரண்டாகத் தெரியும். பயப்படாதீர்கள், இரண்டு வழிகளையும் சேர்த்துக் காட்டும் மல்டிபாத் மென்பொருளை இயக்கினால் ஒன்றாகிவிடும். இன்னும் யாரும் பயன்படுத்தாத டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலை நகலெடுக்கவிட்டு, நடுவில் ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். கொஞ்ச நேரம் நின்று மறுபடி ஓடினால் சரி. அப்படியே நின்றுவிட்டால் இரண்டாவது வழியின் ஸோனைத் திறந்து பாருங்கள்.