நூல் வாங்கக் காரைக்குடிக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

காரைக்குடி போகிறோம் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, எந்த மெஸ்ஸில் சாப்பாடு என்பதுதான். குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) பின்னுகிற தோழிகள் நான்கு பேரும் போனதோ நூல் பார்க்க.

1. நாள்
வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுங்கள். சென்னையிலிருந்து என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தறி பார்ப்பதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். ஞாயிறு நெசவாளர் வீட்டிலும் ஞாயிறுதான். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கடைக்கு முன் தறி
காரைக்குடிப் பக்கம் தறியில் நெய்கிற கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டமும் அகலக் கரையும்தான் அதன் அடையாளம். நீளவாட்டில் ஓடும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. ஊடை நூலைச் சுமந்து போகும் கட்டைதான் நாடா. நெசவாளர் ஒரு நாடாவைக் கீழே வைத்துவிட்டு வேறு நிற நாடாவை எடுக்கும் நொடியைப் பாருங்கள். கட்டத்தின் கோடு அங்கேதான் விழுகிறது. நெய்யும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். இழை அறுந்து முடிச்சுப் போட நிறுத்துவார், அப்போது கேளுங்கள்.

3. வாங்குவது
நூலின் கனத்தைச் சொல்லும் எண்தான் கவுண்ட். அது கூடக்கூட நூல் மெலியும். வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்தான் சிட்டம்; பருத்தியில் 840 கஜம் ஒரு சிட்டம். 40 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம். தறி நூல் குரோஷேக்கு ரொம்ப மெல்லிசு, ஐந்தாறு இழை சேர்த்துப் பின்ன வேண்டும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒரே சாயத்தில் தோய்த்ததைத் தேவைக்கு மொத்தமாக வாங்குங்கள்; அடுத்த தடவை அதே சிவப்பு கிடைக்காது.

சந்தேகமா? கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டு நூலை வெளியே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், கம்பளி முடி கருகுவதுபோல் நாறும், உருகிக் கெட்டியான மணியானால் அது செயற்கை இழை. பல கடைகளில் 'உல்லன்' என்று கொடுப்பது அக்ரிலிக்தான்.

4. சிட்டத்தைப் பந்தாக்குவது
தோழிகள் எதற்கு என்றால் இதற்குத்தான். ஒருத்தி இரண்டு கைகளையும் நீட்டட்டும். சிட்டத்தை உதறி, வளையமாக விரித்து அவள் கைகளில் மாட்டுங்கள். அப்புறம்தான் சிட்டத்தைக் கட்டியிருக்கும் நூலை வெட்ட வேண்டும். எங்களில் ஒருத்தி மாட்டுவதற்கு முன்பே வெட்டிவிட்டாள். தங்கிய வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் சிக்கெடுத்தோம், காபி ஆறிப்போனது. கை நீட்டியிருப்பவள் நூல் போகும் பக்கம் மணிக்கட்டைச் சாய்த்துக் கொடுத்தால் தடங்காது. இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டு, பின்னியது பிறகு சுருங்கும். பந்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து அவற்றையும் சேர்த்துச் சுற்றி, அவ்வப்போது விரலை உருவிக்கொள்ளுங்கள். வேண்டிய தளர்வு கிடைக்கும்.

5. ஞாயிறு
கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ், சரி, அதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பந்தை உள்ளே போட்டுப் பின்னினால் அறை முழுக்க உருளாது. மூடி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள், எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது.