கோ போர்டை டைப் பண்ணியே காட்டுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கோங்கிறது கருப்பு, வெள்ளைக் கல்லை போர்டுல மாத்தி மாத்தி வச்சு ஆடுற விளையாட்டு. அதுல ஒரு பொசிஷன்ல சந்தேகம் வந்து அதை எழுத்துல கேக்கலாம்னு உக்காந்தா, "வலது பக்கம் மூணாவது கோட்டுல ஒரு கருப்பு இருக்கு, அதை ஒட்டி வெள்ளை, அந்த வெள்ளைக்கு கீழ..."ன்னு போய்க்கிட்டே இருக்கும், படிக்கிறவருக்கு ரெண்டாவது வரியிலயே எல்லாம் குழம்பிடும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பலாம்தான். ஆனா பதில் சொல்றவரால அந்தப் படத்துக்குள்ள ஒரு கல்லை சேர்த்துக் காட்ட முடியாது. டெக்ஸ்டா இருந்தா அவர் அதை அப்படியே காப்பி பண்ணி, ஒரு புள்ளியை அழிச்சுட்டு அங்க கல்லை வச்சு, "இங்க போட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு உடனே திருப்பி அனுப்பிடுவார். இதுக்காகவே இதைக் கத்துக்கலாம், ஒரு சாயங்காலம் போதும்.

முதல்ல குறிகளை முடிவு பண்ணுங்க

கோவுல கல்லை கட்டத்துக்குள்ள வைக்கிறதில்ல, கோடும் கோடும் வெட்டுற இடத்துலதான் வைக்கிறோம். அதனால நீங்க டைப் பண்ற ஒவ்வொரு குறியும் ஒரு வெட்டுப்புள்ளி. 19 கோடு போர்டுன்னா ஒரு வரிக்கு 19 குறி, மொத்தம் 361. ஆரம்பத்துல 9 கோடு போர்டுலயே பழகுங்க, 81 புள்ளிதான்.

உலகம் முழுக்க கருப்புக்கு எக்ஸ், வெள்ளைக்கு ஓ-ன்னு இங்கிலீஷ் எழுத்தைப் போடுறதுதான் ரொம்ப நாள் பழக்கம். நான் இங்க கருப்புக்கு # குறியும் வெள்ளைக்கு 0-வும் வைக்கிறேன், ஒண்ணு அடைச்ச மாதிரி தெரியும், இன்னொண்ணு உள்ள காலியா தெரியும், கீபோர்டு மாத்தாமலே ரெண்டும் கிடைக்கும். காலி இடத்துக்கு ஒரு புள்ளி, ஸ்டார் பாயிண்ட்டுக்கு (போர்டுல அடையாளத்துக்குப் பொட்டு வச்சிருக்கிற வெட்டுப்புள்ளி) கமா, போர்டோட ஓரத்துக்கு | மற்றும் -, மூலைக்கு +. நீங்க வேற குறி வச்சுக்கிட்டாலும் தப்பில்ல, முதல் வரியில எது எதுன்னு சொல்லிடுங்க.

காலி போர்டு ஒண்ணு ரெடி பண்ணி வச்சுக்குங்க

```
+ - - - - - - - - - +
| . . . . . . . . . |
| . . . . . . . . . |
| . . , . . . , . . |
| . . . . . . . . . |
| . . . . , . . . . |
| . . . . . . . . . |
| . . , . . . , . . |
| . . . . . . . . . |
| . . . . . . . . . |
+ - - - - - - - - - +
```

இதை ஒரு நோட் ஆப்ல சேவ் பண்ணிடுங்க, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து டைப் பண்ண வேண்டாம். 9 போர்டுல ஸ்டார் பாயிண்ட் மூணாவது கோட்டுலயும் நடுவுலயும் வரும். 13, 19 ரெண்டுலயும் மூலையில இருக்கிறது நாலாவது கோட்டுல வரும், 19-ல மொத்தம் 9 ஸ்டார். படிக்கிறவர் கண்ணு இதை வச்சுத்தான் இடத்தைப் பிடிக்கும், சின்ன விஷயம்தானேன்னு கமாவை விட்டுடாதீங்க.

ஒவ்வொரு குறிக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விடுறது அழகுக்காக இல்ல. எழுத்து பொதுவா அகலத்தை விட உயரம் ஜாஸ்தி, ஸ்பேஸ் இல்லாம நெருக்கி டைப் பண்ணா போர்டு ஒல்லியா நெட்டையா ஆயிடும், ஸ்பேஸ் விட்டா கிட்டத்தட்ட சதுரமா வரும். இன்னொரு லாபமும் இருக்கு, மூணு புள்ளி ஒட்டி வந்தா அதை ஒரே குறியா மாத்துறது, ரெண்டு சின்னக் கோட்டை ஒரு நீளக் கோடா ஆக்குறதுன்னு போனும் வேர்டும் தானா பண்ற வேலையெல்லாம் நடுவுல ஸ்பேஸ் இருந்தா நடக்காது.

கோணாம நிக்க வைக்கிறது

பாதி பேரோட டயக்ராம் கெட்டுப்போறது இங்கதான். சாதாரண ஃபான்ட்ல புள்ளி ஒல்லி, # குண்டு, அதனால கல்லு ஜாஸ்தியா இருக்கிற வரி வலது பக்கம் தள்ளிக்கிட்டுப் போயிடும். எல்லா குறிக்கும் ஒரே அகலம் கொடுக்கிற மோனோஸ்பேஸ் ஃபான்ட்ல போடணும். வாட்ஸ்அப்ல டயக்ராமுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு பேக்டிக் (` குறி) போட்டா போதும், டெலிகிராம், டிஸ்கார்டுலயும் அதே மூணு பேக்டிக்தான். இதைப் போடலைன்னா சில இடத்துல # குறியில ஆரம்பிக்கிற வரி பெரிய தலைப்பா மாறிடும், வரி ஆரம்பத்துல விட்ட ஸ்பேஸும் காணாம போயிடும்.

நம்ம ஆளுங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். டயக்ராமுக்குள்ள அ, ஆ, இ-ன்னு தமிழ் எழுத்துல இடத்தைக் குறிக்கணும்னு ஆசை வரும், எனக்கும் பிடிக்கும்தான், ஆனா மோனோஸ்பேஸ் ஃபான்ட் நிறைய தமிழ் எழுத்தே இல்லாம வரும், அப்போ போன் வேற ஃபான்ட்ல இருந்து எழுத்தை இழுத்துக்கும், அதோட அகலம் வேற, அந்த வரி மட்டும் நகர்ந்துடும். போர்டுக்குள்ள எண்ணும் குறியும் மட்டும், தமிழெல்லாம் போர்டுக்கு வெளிய. ஏதாவது இடத்தைக் காட்டணும்னா * போடுங்க, ரெண்டாவது இடத்துக்கு ? போடுங்க.

வெட்டிக் காட்டுறப்போ ஓரத்தை மறக்காதீங்க

முழு போர்டும் எப்பவும் தேவைப்படாது. மூலையில நடக்கிற சண்டைக்கு மூலை மட்டும் போதும். ஆனா எங்க போர்டு முடியுது, எங்க நீங்க வெட்டி நிறுத்தினீங்கன்னு படிக்கிறவருக்கு தெரியணும். விதி ஒண்ணுதான்: ஓரக்கோடு போட்டிருந்தா அங்க போர்டு முடியுது, போடலைன்னா அந்தப் பக்கம் போர்டு தொடருது. கீழ இருக்கிறதைப் பாருங்க.

```
. . . . . . . . .
. # # # # # # # .
. # 0 0 0 0 0 # .
. # 0 . * . 0 # .
- - - - - - - - -
```

வெள்ளைக்கு உள்ள மூணு காலி இடம். நடுவுல * இருக்கிற இடத்துல வெள்ளை முதல்ல போட்டா ரெண்டு கண்ணு (சொந்தக் கல்லு சூழ்ந்த காலி இடம்) கிடைச்சு பிழைச்சுக்கும், கருப்பு முதல்ல போட்டா செத்துடும். அதே டயக்ராம்ல கடைசி வரியில இருக்கிற அந்த ஓரக்கோட்டை மட்டும் அழிச்சுப் பாருங்க. இப்போ வெள்ளைக்கு கீழ்ப்பக்கம் திறந்து கிடக்கு, வெளிய ஓடலாம், கேள்வியே வேற ஆயிடுச்சு! ஒரு கல்லு கூட மாறலை. உயிரா சாவான்னு கேக்குற டயக்ராம்ல இந்த ஒரு வரிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது, அதனால நான் கல்லை வைக்கிறதுக்கு முன்னாடியே ஓரத்தைத்தான் முதல்ல டைப் பண்ணுவேன்.

சுத்தி நிக்கிற கல்லையும் முழுசா காட்டணும். மேல இருக்கிற கருப்பு வேலியில வெள்ளையை ஒட்டி நிக்கிற ஒரு கல்லு விட்டுப்போனா கூட வெள்ளைக்கு ஒரு மூச்சு (கல்லை ஒட்டியிருக்கிற காலி இடம், எல்லாம் அடைபட்டா கல்லு பிடிபடும்) கூடிடும், பதில் தப்பாயிடும். லேடர் (தப்பிச்சு ஓடுற கல்லை படிக்கட்டு மாதிரி துரத்துறது) பத்தி கேக்குறீங்கன்னா வெட்டவே வெட்டாதீங்க. லேடர் குறுக்கா போர்டு முழுக்க ஓடும், எதிர் மூலையில சும்மா நிக்கிற ஒரே ஒரு கல்லு அதை உடைச்சிடும், அந்தக் கல்லு உங்க டயக்ராம்ல இல்லைன்னா யாராலயும் சரியான பதில் சொல்ல முடியாது.

மூவ் வரிசையை எண்ணால காட்டுறது

புதுசா வைக்கிற கல்லுக்கு # 0 வேண்டாம், நேரா எண்ணைப் போடுங்க. முதல்ல யாருன்னு டயக்ராமுக்கு மேல எழுதிடுங்க. கருப்பு முதல்னா 1, 3, 5 கருப்பு, 2, 4 வெள்ளை. மேல இருக்கிற பொசிஷனுக்கு பதில் இப்படி வரும்:

```
. . . . . . . . .
. # # # # # # # .
. # 0 0 0 0 0 # .
. # 0 2 1 3 0 # .
- - - - - - - - -
```

கருப்பு 1 நடுவுல விழுந்துடுச்சு, வெள்ளை 2 போட்டு கருப்பை அட்டாரி பண்ணுது (ஒரே மூச்சுக்குக் கொண்டு வருது), ஆனா அப்படிப் பண்ணதுல வெள்ளைக்கும் ஒரே மூச்சுதான் மிச்சம், கருப்பு 3 வச்சதும் எட்டு வெள்ளையும் மொத்தமா வெளிய போயிடும். வெள்ளை 2-ஐ அந்தப் பக்கம் வச்சாலும் இதே கதைதான்.

ஒரு டயக்ராமுக்கு ஒன்பது மூவ், அதுக்கு மேல போகாதீங்க. 10 போட்டா ரெண்டு இடம் எடுத்துக்கும், வரி கோணிடும். ஒன்பதுக்கு அப்புறம் நடந்தது வேணும்னா, அதுவரை வந்த கல்லையெல்லாம் # 0-வா மாத்தி, பிடிபட்டதை எடுத்துட்டு, புது டயக்ராம்ல மறுபடி 1-ல இருந்து ஆரம்பிங்க. நிறைய பேர் மறக்குறது அந்தப் பிடிபட்ட கல்லை எடுக்கிறதைத்தான்.

கோ சண்டை (இங்க கோன்னா விளையாட்டோட பேர் இல்ல, ஒரே ஒரு கல்லை ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுக்கிற நிலை) வந்தா ஒரு சிக்கல் இருக்கு, ஒரே இடத்துல ரெண்டு தடவை கல்லு விழும், ஒரு புள்ளியில ரெண்டு குறி போட முடியாது.

```
. # 0 .
# 0 1 0
. # 0 .
```

கருப்பு 1 இடது பக்கம் இருக்கிற வெள்ளையை எடுக்குது. வெள்ளை உடனே திருப்பி எடுக்கக் கூடாது, 2 வேற எங்கயோ மிரட்டலா போடுது, கருப்பு 3 அதுக்கு பதில் சொல்லுது, அப்புறம் 4 வந்து எடுக்குது. அந்த 4-ஐ டயக்ராம்ல காட்ட இடமே இல்ல, அதனால கீழ ஒரு வரியா "2, 3 வேற இடத்துல, 4 = 1-க்கு இடது பக்கம்"னு எழுதிடுங்க. அச்சுப் புத்தகத்துலயும் இப்படி டயக்ராமுக்குக் கீழ குறிப்பு போட்டுத்தான் சமாளிக்கிறாங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி

ஒவ்வொரு வரியிலயும் குறி எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாருங்க, வலது ஓரம் நேரா நின்னா பெரும்பாலும் சரிதான். அப்புறம் டயக்ராமை மட்டும் பாத்து கல்லை நிஜ போர்டுல அடுக்குங்க, ஞாபகத்துல இருந்து அடுக்காதீங்க. எங்கயாவது மூச்சே இல்லாத கல்லு உயிரோட நின்னா டைப் பண்றப்போ எங்கயோ வழுக்கிடுச்சுன்னு அர்த்தம். டயக்ராமுக்கு மேல ரெண்டு விஷயம் எழுதுங்க, அடுத்து யார் ஆடணும், உங்க கேள்வி என்ன. ஒரு டயக்ராமுக்கு ஒரு கேள்விதான். "இதுல எல்லாம் சரியா?"ன்னு கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, "இந்த வெள்ளை பிழைக்குமா?"ன்னு கேட்டா நாலு பேர் வருவாங்க.

சென்செய்ஸ் லைப்ரரி மாதிரி கோ பத்தின விக்கியில வரிக்கு முன்னாடி ரெண்டு டாலர் குறி போட்டா இந்த டெக்ஸ்ட்டே அழகான படமா மாறிடும், ஆனா அங்க அவங்க குறிதான் செல்லும், எக்ஸும் ஓ-வும் போடணும். முழு ஆட்டத்தையும் காட்டணும்னா டயக்ராம் சரிப்படாது, 200 மூவை ஒன்பது ஒன்பதா பிரிச்சா எழுதுறவருக்கும் கஷ்டம், படிக்கிறவருக்கும் கஷ்டம். அதுக்கு எஸ்ஜிஎஃப் ஃபைல் (ஆட்டத்தோட எல்லா மூவையும் சேமிச்சு வைக்கிற ஃபைல்) இருக்கு, கோ ஆப் எல்லாம் அதைத் திறக்கும். ஃபைலை சேர்த்து அனுப்பிட்டு, சந்தேகம் இருக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் டைப் பண்ணிக் காட்டுங்க, எத்தனையாவது மூவ்னும் கூடவே எழுதிடுங்க.