பழைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பெரியப்பா வீட்டு முன்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் தெரிந்தது. வந்து பார்த்த குத்தகையாளர் பழைய காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினார். ஓராண்டு சுவர் பளிச்சென்று இருந்தது. அப்புறம் ஈரம் தோளுயரத்துக்கு ஏறிவிட்டது. பூச்சைத் தட்டினேன், பாளம் பாளமாகக் கையோடு வந்தது. உள்ளே இருந்த செங்கல்லை நகத்தால் சுரண்டியதுமே சிவப்புப் பொடியாகக் கொட்டியது.

பினாங்கில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர்கள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்க அவற்றில் எதுவும் கிடையாது. ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கும்போது ஈரம் இன்னும் மேலே போகிறது. அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை நொறுக்குகிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும். தரையின் சுட்ட மண் ஓடுகளைப் பெயர்த்துவிட்டுக் காங்கிரீட் போட்டாலும் அடியில் இருக்கும் ஈரம் சுவர்ப் பக்கம்தான் ஒதுங்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பும்தான் பொருந்தும்.

சுண்ணாம்பு வேலை நமக்குப் புதிதா என்ன? 1862இல் அர்ச்சிக்கப்பட்ட சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகள் கட்டினார்கள். உட்சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினார்கள். அதற்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர். நம் பினாங்கின் செயிண்ட் ஜார்ஜஸ் தேவாலயமும் (1818) கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். அந்தக் கைவேலையை வெறும் ஈரச்சுவர் என்று கொத்தி எறிவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பெயிண்டை ஒட்டச் சுரண்டிவிடாதீர்கள். கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்காவது பழைய அடுக்குகளை அப்படியே விட்டுவையுங்கள். எந்தக் காலத்தில் எந்த நிறம் என்பதற்கு வீட்டில் வேறு சாட்சி இருக்காது.

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர், சுற்றியுள்ள காப்பு வட்டம் 150. உங்கள் வீடு இவற்றுக்குள் வருகிறதா என்று மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்த பிறகும், கோலாலம்பூர் அம்பாங் சாலையில் 1929இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகையை 2006 டிசம்பரில் இடித்தார்கள்.

சுவரைவிட வேகமாக அழிவது காகிதம். வீட்டைக் காலி செய்யும் அன்று முதலில் குப்பைக்குப் போவது அலமாரிக்கு அடியில் கிடக்கும் ரசீதும் கடிதமும்தான். அவை போன பிறகு வீட்டு வரலாறு என்று வாய்க்கு வந்த கதையைப் பலகையில் எழுதி மாட்டுகிறோம். பெரியவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்துக்கொண்டு, பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளூர் ஆய்வாளர்களின் உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது இன்னொரு தவறு. மலாயாத் தெருப்பெயர்கள் யாரைக் குறிக்கின்றன என்று எஸ். துரைராஜசிங்கம் 1939லேயே புத்தகம் போட்டார். பினாங்குச் சூலியாக்களின் (தமிழ் முஸ்லிம்களின்) வரலாற்றைக் கூ சல்மா நசுத்தியோன் விரிவாக எழுதியிருக்கிறார். பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை 1986 முதல் இயங்கி வருகிறது. இவர்களிடமிருந்து எடுத்த தகவலுக்குப் பலகையில் ஒரு வரி ஒதுக்குவது நம் கடன்.

சிமெண்டைக் கொத்தி எடுத்ததும் மறுவாரமே காரை பூச ஆள் கூப்பிடாதீர்கள்; பல மாதம் காயவிட வேண்டும். பெரியப்பா வீட்டுச் சுவர் இன்னும் காய்கிறது. அதற்குள் பெரியம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்த வரி ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிவிட்டோம். மூன்றில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது. அவர் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.