காஸ்மாஸ் செடியை அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

காஸ்மாஸ் செடியைப் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இலையையும் பார்ப்பது நல்லது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. நடுவிலுள்ள மஞ்சள் வட்டு முழுவதும் குழாய் வடிவப் பூக்களால் ஆனது. அதைச் சுற்றி இதழ்போல் விரிந்திருப்பவை பெரும்பாலும் எட்டு. ஒவ்வொன்றின் நுனியும் பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு, வெள்ளை நிறங்களில் பூக்கும் வகையின் இலை வெந்தயக் கீரையைப் போலன்றி, சோம்புச் செடியின் இலைபோல நூல் நூலாகப் பிரிந்திருக்கும். ஆரஞ்சு, மஞ்சள் நிற வகையில் இலைப் பிளவுகள் சற்று அகலமானவை.

விதை கறுத்து, மெலிந்து, ஊசிபோல் நீண்டிருக்கும். அதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் 7 முதல் 10 நாட்களில் முளைத்துவிடும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளியும், நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயிலும் வேண்டும்.

பலரும் தவறுவது உரத்தில்தான். தழைச்சத்து மிகுந்த மண்ணில் செடி ஆளுயரம் வளர்ந்து சாயுமே தவிர, பூ குறைவாகவே வரும். ஆகவே நீர் தேங்காத, சுமாரான மண்ணே இதற்குப் போதும். செடி ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். வாடிய பூக்களை அடுத்த கணுவுக்குச் சற்று மேலே நறுக்கி வந்தால் மொட்டுகள் தொடர்ந்து வரும். விதைக்காகச் சிலவற்றை மட்டும் செடியிலேயே காயவிடலாம்.