சேலம், ஏற்காடு பழைய பட அஞ்சலட்டைகள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பழைய பட அஞ்சலட்டை சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எங்கே கிடைக்கும்?" என்றுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஊர் அட்டையைத் தேடப் போகிறோம் என்பது. "பழைய இந்தியா" என்று கிளம்பினால் தாஜ்மகாலும் காசிப் படித்துறைகளும் பெட்டி பெட்டியாய்ச் சேரும். எதைப் பற்றியும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியாது. சேலத்தையும் சேர்வராயன் மலையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அட்டைகள் மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்த ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு, படம் எடுத்த இடத்துக்கே போய் நின்று சரிபார்க்கலாம். லண்டனில் இருக்கும் வியாபாரிக்கு இந்த வசதி கிடையாது. உள்ளூர் அட்டைகளை உள்ளூர்க்காரர்கள் சேகரிக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

முதலில் எல்லை

மலையில் ஏற்காடு ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், காபித் தோட்டங்கள், பழைய தேவாலயங்கள், பள்ளிகள். கீழே சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், ரயில் நிலையங்கள், வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் குன்றுகள். கொஞ்சம் தள்ளிப் போனால் சங்ககிரிக் கோட்டை, மேட்டூர் அணை. ஆரம்பத்துக்கு இதில் ஒரு பகுதி போதும். ஏற்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய அட்டையில் "சேலம் ஜில்லா" என்று அச்சாகியிருந்தால் அது இன்றைய சேலம் மாவட்டம் அல்ல. தருமபுரி 1965-ல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997-ல். அதனால் ஒகேனக்கல் அருவியும் ஓசூரும் நாமக்கல் கோட்டையும் அந்தப் பெயரில் வரலாம். அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்துகொண்டால் கடையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

எங்கே தேடுவது

உறவுக்காரர் வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள். பழைய டிரங்குப் பெட்டி, கல்யாண ஆல்பம், தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு, இதற்குள்ளெல்லாம் அட்டைகள் செருகியிருக்கும். அறுபது, எழுபதுகளில் சுற்றுலா வந்தவர்கள் வாங்கிய வண்ண வியூ கார்டுகள் இப்படித்தான் அதிகம் கிடைக்கின்றன. அவை விலையும் குறைவு, கை பழகவும் நல்லவை. இன்னும் பழசாகவில்லையே என்று ஒதுக்க வேண்டாம். அந்தக் காலத்து ஏரிக்கரையும் படகுத்துறையும் இன்று இல்லை.

அப்புறம் பழைய பேப்பர் கடைகள், நாணயம் மற்றும் அஞ்சல்தலைக் கண்காட்சிகள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்வரலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் காகிதக் கட்டுகளில் எந்த ஊர் அட்டையும் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், நூறு வருஷத்துக்கு முந்தைய ஏற்காட்டு அட்டைகளில் பல இப்போது இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. காரணம் எளிது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயனுக்குக் காபியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். சேலத்தில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் இருந்தது. பட அட்டை பரவியபோது இவர்களெல்லாம் ஊருக்கு எழுதினார்கள். எழுதியது போன இடத்திலேயே தங்கிவிட்டது. ஆகவே இபே, டெல்காம்ப் போன்ற தளங்களில் தேடித்தான் ஆக வேண்டும்.

அங்கே வெறுமனே ஆங்கிலத்தில் "சேலம் போஸ்ட் கார்டு" என்று போட்டால் வந்து விழுவதெல்லாம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம்தான். 1692 சூனியக்காரி வழக்குகளால் பேர்பெற்ற ஊர் அது. துடைப்பத்தில் பறக்கும் கிழவி படம் போட்ட அட்டைகள் பக்கம் பக்கமாக வரும். "சேலம் மெட்ராஸ்", "சேலம் சவுத் இந்தியா" என்று சேர்த்துத் தேடுங்கள். ஏற்காட்டுக்கு, சேர்வராயன் மலையின் ஆங்கிலப் பெயர்களான "ஷெவராய் ஹில்ஸ்", "ஷெவராய்ஸ்" இரண்டையும் போடுங்கள். மேட்டூருக்கு "ஸ்டான்லி டேம்". ஊர்ப் பெயரே தெரியாத வியாபாரிகள் "இந்திய மலைக்காட்சி" என்று மட்டும் எழுதி விற்பார்கள். மலையின் விளிம்பைப் பார்த்தே அடையாளம் காணும் கண் உங்களுக்கு இருந்தால் அங்கேதான் லாபம். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது அஞ்சல் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

திருப்பிப் பாருங்கள்

புதியவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அட்டையின் வயது பின்பக்கத்தில் இருக்கிறது.

முதலில் நடுக்கோடு. ஆரம்ப காலத்து அட்டைகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். செய்தியைப் படத்தின் ஓரத்திலோ படத்தின் மேலேயோ கிறுக்க வேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாய்ப் பின்தொடர்ந்தன. அமெரிக்கா 1907-ல் வந்தது. கோடு இல்லாத அட்டை என்றால் ஏறக்குறைய அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அஞ்சல்தலை. எட்வர்ட் மன்னர் தலை 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். தொகையையும் பாருங்கள். இந்தியாவில் 1879-ல் அரசு அஞ்சலட்டை வந்தபோது விலை கால் அணா. 1922 வரை உள்நாட்டு அட்டைக்கு அதே கால் அணாதான், அதன் பிறகு அரை அணா. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் வெளியான தலை.

அச்சிட்ட எழுத்தும் பேசும். "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969-க்கு முந்தையது. "சேலம்-1" என்று வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் பின்கோடு வந்த 1972-க்கு முன். ஆறு இலக்க எண் அச்சாகியிருந்தால் நிச்சயம் அதற்குப் பின். சென்னை ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளெய்ன் ஸ்டுடியோ, லண்டன் ரஃபேல் டக் என்று வெளியிட்டவர் பெயர் இருந்தால் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வண்ண அச்சுக்கு அப்போது ஜெர்மனிதான் பேர்போனது. "சாக்ஸனியில் அச்சிட்டது" என்று பொடி எழுத்தில் இருந்தால் அநேகமாக 1914 போருக்கு முந்தைய சரக்கு.

என்னிடம் ஒரு ஏற்காடு ஏரி அட்டை இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு வண்ணம் ஏற்றியது; ஏரியின் நீலம் கரையில் உள்ள புல்லின் மேலும் கொஞ்சம் வழிந்திருக்கும். திருப்பினால் நடுக்கோடு உண்டு. எட்வர்ட் தலை, சிவப்பு, ஒரு அணா. உள்நாட்டுக்குக் கால் அணா போதும் என்னும்போது ஒரு அணா எதற்கு? வெளிநாட்டுக் கட்டணம் அது. முகவரியும் இங்கிலாந்துதான். அஞ்சல் முத்திரையில் வருஷம் அழிந்துபோயிருக்கிறது. ஆனாலும் நடுக்கோட்டையும் அஞ்சல்தலையையும் சேர்த்துப் பார்த்தால் 1900-களின் முதல் பத்து, பன்னிரண்டு வருஷத்துக்குள் வந்துவிடுகிறோம். பென்சிலில் எழுதிய செய்தி மூன்றே வரி: மழை விட்டது, பழம் பறிக்க ஆள் வந்துவிட்டார்கள், தங்கைக்கு முத்தங்கள். காபிப் பழம் பறிக்கும் பருவம் என்றால் வருஷக் கடைசி. மாதம்கூட ஏறக்குறைய கிடைத்துவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்படிக் கிடைப்பது அட்டையை அனுப்பிய காலம். படம் எடுத்த காலம் அதற்கும் முந்தையதாக இருக்கலாம், ஏனென்றால் ஒரே நெகடிவை வைத்து வருஷக்கணக்காக அச்சிடுவார்கள். எடுத்த காலத்தைப் படத்துக்குள்ளே தேட வேண்டும். மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. பாதி எழும்பிய சுவரோடு ஒரு அட்டை கிடைத்தால் காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் வந்தது. இப்படி உங்கள் எல்லைக்குள் கட்டடங்கள் எழுந்த வருஷங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தலையை மட்டும் சேகரிக்கிறவர்கள் அட்டையிலிருந்து அதை நனைத்து உரித்து எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். தலையோடு பாதி முத்திரையும் போய்விடும், அதோடு அட்டையின் தேதியும் போய்விடும்.

அசலா, மறு அச்சா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். சேலத்தில் வெள்ளிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே பயன்படுத்தும் லென்ஸே போதும். அட்டையின் வானத்தை அதில் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகக் கூடியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. புள்ளியே இல்லாமல் சாயல் மென்மையாகப் போனால் உண்மையான போட்டோ அட்டையாக இருக்கலாம். அதில் தலை ஒட்டும் கட்டத்தில் கோடாக், வெலாக்ஸ் என்று தாளின் பெயர் இருக்கும். கறுப்பான இடங்கள் சாய்வான வெளிச்சத்தில் வெள்ளி பூத்ததுபோல் மின்னினால் நல்ல அறிகுறி.

ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கும் உதவும். தாளுக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது. அதற்கு முந்தையது என்று விற்கும் அட்டை விளக்கடியில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். அளவும் பாருங்கள்: பழைய அட்டைகள் பெரும்பாலும் 9 செ.மீ.க்கு 14 செ.மீ. பின்னால் வந்தவை கொஞ்சம் பெரியவை.

மூலை மடிந்தது, தேநீர்க் கறை, கிறுக்கல், இதெல்லாம் விலையைக் குறைக்கும். எல்லா இடத்திலும் கிடைக்கும் ஏரிப் படம் என்றால் நல்ல நிலையில் வரும்வரை பொறுக்கலாம். யாரும் பார்த்திராத கடைவீதிப் படம் என்றால் மூலை போயிருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவே மாட்டேன்.

பத்திரப்படுத்துவது

பசை, செல்லோ டேப், லேமினேஷன் மூன்றும் கூடாது. ஒட்டும் பக்கங்களோடு வரும் பழைய போட்டோ ஆல்பங்களும் வேண்டாம். அந்தப் பசை நாள்பட்டால் பின்பக்க எழுத்தைத் தின்றுவிடும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்கி ஒவ்வோர் அட்டையையும் தனித்தனியாகப் போடுங்கள். பி.வி.சி. உறை கூடாது. நிறுத்தி வைக்க அட்டைப்பெட்டி போதும். மரப் பீரோவின் அடித்தட்டில் மட்டும் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சி அங்கேதான் முதலில் வரும். ஏற்காட்டிலேயே வீடு என்றால் மழை, பனிக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது காய்ந்த நாளில் திறந்து காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம்.

இடத்தைத் தேடிப் போவது

அட்டையை 600 டிபிஐ-யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, நகலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும். கட்டடம் மாறும், மரம் மாறும், மலையின் விளிம்பு மாறாது. "சமவெளியிலிருந்து ஷெவராய் மலை" என்று மட்டும் அச்சாகியிருந்தால், சூரமங்கலம் பக்கம் நின்றால் மேடு பள்ளம் ஒரு வரிசையில் தெரியும், அஸ்தம்பட்டி பக்கம் நின்றால் வேறு மாதிரி. எங்கே விளிம்பு படத்தோடு பொருந்துகிறதோ அதுதான் கேமரா நின்ற திசை. காலை, மாலை நிழலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்திய இடத்திலிருந்து நீங்களும் ஒரு படம் எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அட்டைக்கு ஓர் எண், வாங்கிய இடம், கொடுத்த விலை, வெளியிட்டவர், பின்பக்க விவரம், நின்று பார்த்த இடம் எல்லாம் எழுதுங்கள். எண்ணை உறையின் மேல் எழுதுங்கள், அட்டையின் மேல் பேனா படவே கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது ஸ்கேனைப் பார்த்து, "இது இன்னார் கடை, இங்கே ஒரு புளியமரம் இருந்தது" என்று சொன்னால் அதையும் தேதி போட்டு அந்த எண்ணுக்குக் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள்.